பழைய பேக்கப்புகளைத் தேதி மாறாமல் கிட்டில் ஏற்றியாயிற்று

ஒரு வழியாக முடிந்தது. என் சதுரங்க நிரலின் பழைய நகல்கள், அதாவது எண் போட்டவை, தேதி போட்டவை, ‘கடைசி’, ‘கடைசி புதுசு’ என்று பெயர் வைத்தவை எல்லாம் இப்போது ஒரே கிட் ரெப்போவுக்குள், அதாவது நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவியின் களஞ்சியத்துக்குள், வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கிட் என்ற பெயரையே கேள்விப்படாத காலத்தில் எழுதிய வரிக்கும் கிட் பிளேம் (ஒவ்வொரு வரியும் எப்போது மாறியது என்று காட்டும் கட்டளை) போட்டால் அன்றைய தேதியே வருகிறது. இதைப் பார்த்த சந்தோஷத்தில்தான் இந்தப் பதிவு.

எதற்கு இவ்வளவு பாடு என்றால், பெர்ஃப்ட்: குறிப்பிட்ட ஆழம் வரை எத்தனை நகர்வு வரிசைகள் சாத்தியம் என்று எண்ணி, சதுரங்க நிரலைச் சரிபார்க்கும் சோதனை. தொடக்க நிலையிலிருந்து நான்காம் ஆழத்தில் 1,97,281 வர வேண்டும், ஐந்தாம் ஆழத்தில் 48,65,609. என் நிரல் நான்கு வரை சரியாகச் சொல்லிவிட்டு ஐந்தில் 48,65,351 என்று நின்றது. குறைவது 258. ஐந்தாம் ஆழத்தில் வருகிற ஆன் பாசான் (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை, ஒரு கட்டமே நகர்ந்தது போல அடுத்த நகர்விலேயே எதிர்ச் சிப்பாய் வெட்டுவது) வெட்டுகள் மொத்தமே அந்த 258தான். ஆக, நிரல் ஆன் பாசானை அடியோடு மறந்துவிட்டது. ஒரு காலத்தில் ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்த நிரல் இது. எந்த நாளில், எந்த மாற்றத்தில் இது கெட்டது என்று தெரிய வேண்டும். வரலாற்றைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்துக் கெட்ட மாற்றத்தைக் காட்டும் கிட் பைசெக்ட் இதற்கென்றே இருக்கிறது. ஆனால் பைசெக்ட் செய்ய வரலாறு வேண்டுமே. என்னிடம் இருந்தது வரலாறு இல்லை, நகல்களின் குவியல்.

கோப்பை எடு, ரெப்போவில் வை, கமிட் போடு (அந்த நிலையை வரலாற்றில் பதி), அடுத்ததை எடு. இந்தச் சுற்றைப் பேஷில் எழுத அரை மணி நேரம் போதும். மீதி நேரம் முழுவதும் போனது ஒரே கேள்வியில்: இந்த நகல் எப்போது எழுதப்பட்டது, இதற்கு முந்தையது எது?

அதனால் ஒரே ஸ்கிரிப்டாக எழுதாமல் இரண்டாகப் பிரித்தேன். முதலாவது எதையும் கமிட் செய்யாது. நகல்களை எல்லாம் பார்த்து ஒரு பட்டியல் மட்டும் எழுதும்: யுனிக்ஸ் நொடியில் (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் நொடி) தேதி, அந்தத் தேதி எங்கிருந்து வந்தது, கோப்பின் பாதை, உள்ளடக்கத்தின் ஷா 256 (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற ஹேஷ்). இரண்டாவது ஸ்கிரிப்ட் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துக் கமிட் போடும், அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் பட்டியலை எடிட்டரில் திறந்து நானே உட்கார்ந்து திருத்துவேன். இந்த வேலையைச் செய்யப் போகிறவர்களுக்கு நான் அடித்துச் சொல்வேன்: இந்த நடுக்கட்டம் இல்லாமல் தொடங்காதீர்கள். தேதியைத் தானாகவே முடிவு செய்கிற ஸ்கிரிப்ட் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருந்தாலும், அது தப்பான இடத்தில் வைத்த நகலைப் பிற்பாடு கமிட்டுகளுக்குள் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

சரி, தேதிக்கு வருகிறேன்.

ஈமேக்ஸ் எடிட்டர் போட்ட எண் நகல்கள் சொக்கத் தங்கம். கோப்புப் பெயருக்குப் பின்னால் ~1~, ~2~ என்று வருமே, அவைதான். ஈமேக்ஸ் பேக்கப் எடுக்கும்போது பழைய கோப்பையே பெயர் மாற்றி வைக்கும். நகலெடுக்கும்படி அமைத்திருந்தாலும் பழைய நேரத்தையே அதற்குக் கொடுக்கும். எனவே அந்தக் கோப்பின் மாற்ற நேரம் என்பது அந்த உள்ளடக்கம் கடைசியாகச் சேமிக்கப்பட்ட நேரம்தான், பேக்கப் எடுத்த நேரம் அல்ல. அதோடு, ஒரு கோப்பைத் திறந்து முதல் முறை சேமிக்கும்போது மட்டுமே பேக்கப் விழும். ஆக ஒவ்வொரு எண்ணும் முந்தைய அமர்வு எந்த நிலையில் முடிந்தது என்பதைக் காட்டுகிறது. கமிட்டுக்கு இதைவிட நல்ல அலகு கிடைக்காது. இதில் கவனிக்க வேண்டியது வரிசை ஒன்றுதான். சாதாரண அகர வரிசையில் ~10~ போய் ~2~க்கு முன்னால் நிற்கும். சார்ட் கட்டளையின் பதிப்பு வரிசை விருப்பத்தைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

கையால் எடுத்த நகல்கள்தான் தலைவலி. வெறும் சிபி கட்டளையால் நகலெடுத்தால் நகலுக்கு அந்த நிமிடத்தின் நேரம் வந்துவிடும். பி விருப்பத்தோடு எடுத்திருந்தால் பழைய நேரம் நிற்கும். எது எப்படி எடுக்கப்பட்டது என்று கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் பட்டியலை நேர வரிசையில் அடுக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். பத்துப் பதினைந்து கோப்புகள் ஒரே நிமிடத்துக்குள் அடுத்தடுத்து நொடிகளில் நின்றால், அது எழுதிய நேரமில்லை, பழைய டிஸ்கிலிருந்து புதிய டிஸ்குக்கு மாற்றிய நேரம். அத்தனை வரிக்கும் பட்டியலில் ‘நேரம் செல்லாது’ என்று குறி போட்டுவிட்டேன். 1980 ஜனவரி 1 என்று ஏதாவது தென்பட்டால் அதற்கும் அதே குறி. ஃபாட் கோப்பு முறையும் ஜிப்பும் தேதியை எண்ணத் தொடங்குவதே அந்த நாளிலிருந்துதான். உண்மையான நேரம் தொலைந்த கோப்புகள் அங்கே போய் ஒதுங்கும்.

குறி போட்டவற்றுக்கு எங்கிருந்து தேதி எடுப்பது? முதலில் கோப்பின் பெயர், பிறகு கோப்பின் தலையில் நானே எழுதி வைத்த ‘கடைசியாக மாற்றியது’ என்ற கமென்ட். இரண்டும் இல்லையென்றால் டிஃப். சந்தேகத்துக்குரிய நகலை, தேதி உறுதியாகத் தெரிந்த ஒவ்வொரு நகலோடும் ஒப்பிட்டு, வேறுபடும் வரிகளை எண்ணிப் பார்ப்பேன். மிகக் குறைவாக வேறுபடுகிற இரண்டுக்கும் நடுவில்தான் பெரும்பாலும் அதன் இடம். இடம் தெரிந்ததும், முந்தைய நகலின் நேரத்தோடு ஒரு நொடி கூட்டிக் கொடுத்தேன். ஊகம்தான், ஆனால் ஊகம் என்று வெளிப்படையாகவே இருக்கட்டும் என்று ஒவ்வொரு கமிட் செய்தியின் கடைசியிலும் ‘தேதி ஆதாரம்: கோப்பு நேரம்’, ‘தேதி ஆதாரம்: பெயர்’, ‘தேதி ஆதாரம்: ஊகம்’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். கிட் லாகில் (கமிட்டுகளின் பட்டியலில்) கிரெப் போட்டுத் தேடினால் எவை நம்பத்தக்கவை, எவை நான் பொருத்தியவை என்று உடனே பிரிந்து வந்துவிடும். பொய்த் தேதிகளை உண்மை போல வரலாற்றில் ஒட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று. ஒரே உள்ளடக்கம் உள்ள நகல்களை முதலிலேயே கழித்துக் கட்டும் கருவிகள் பல இருக்கின்றன. இந்த வேலைக்கு அவற்றைப் பக்கத்திலேயே விடக் கூடாது. ஒரு சோதனை மாற்றம் செய்து பார்த்து, பிடிக்காமல் பழைய நிலைக்குத் திரும்பியிருப்போம். அப்போது மூன்றாவது நகலும் முதலாவதும் ஒன்றாகவே இருக்கும். ஒன்றைக் கழித்தால், திரும்பி வந்த விஷயமே வரலாற்றிலிருந்து காணாமல் போகும். ஷா 256ஐப் பட்டியலில் சரியாக முந்தைய வரியோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றென்றால் மட்டும் தாண்டலாம். தாண்டாவிட்டால் கமிட் செய்ய ஒன்றுமில்லை என்று கிட் பிழைக் குறியீட்டோடு திரும்பும், ஸ்கிரிப்டும் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இப்போது கமிட். கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் இரண்டு தேதி: எழுதியவர் தேதி, கமிட் செய்தவர் தேதி. கமிட் கட்டளையில் டேட் விருப்பம் கொடுத்தால் முதலாவது மட்டுமே மாறும். சாதாரண லாகில் அதுதான் தெரியும் என்பதால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். ஆனால் குறிப்பிட்ட நாளுக்குப் பிந்தையதைக் காட்டு என்று சின்ஸ் போட்டுக் கேட்டால் கிட் பார்ப்பது இரண்டாவது தேதியை. அப்போது மொத்த வரலாறும் இன்றைக்கு நடந்ததாகவே வந்து நிற்கும். ஆதர் டேட், கமிட்டர் டேட் இரண்டுக்கும் உரிய சூழல் மாறிகளை ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மதிப்போடு அமைத்துவிட்டுத்தான் கமிட்டை அழைக்க வேண்டும். ஃபுல்லர் வடிவத்தில் லாகைப் பார்த்தால் இரண்டு தேதியும் அடுத்தடுத்து தெரியும்.

இதைச் சரிபார்க்க எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு வழி: ஸ்கிரிப்டை இரண்டு முறை, இரண்டு வெற்று ரெப்போக்களில் ஓட்டுவது. கமிட்டின் ஹேஷ் என்பது உள்ளடக்கம், பெயர், மின்னஞ்சல், இரண்டு தேதிகள், செய்தி, முந்தைய கமிட் எல்லாம் சேர்ந்து வருவது. இவற்றில் எதுவும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறவில்லையென்றால் கடைசிக் கமிட்டின் ஹேஷ் இரண்டு ரெப்போவிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். எங்காவது ஒரே ஒரு தேதி கடிகாரத்திலிருந்து நுழைந்திருந்தாலும் ஹேஷ் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு திரையிலும் அதே நாற்பது எழுத்துகள் வந்தபோது கிடைத்த நிம்மதி சாதாரணமானதில்லை.

நிரல் ஒரே கோப்பாக இருந்த காலம் போய்ப் பல கோப்புகளான பிறகு, நகல்கள் முழு ஃபோல்டராக ஜிப்பில் இருக்கின்றன. அங்கே நகலில் இல்லாத கோப்பு வரலாற்றிலும் நீக்கப்பட வேண்டும். ரெப்போவைக் காலி செய்து, ஜிப்பை விரித்து, திரும்பச் சேர்ப்பது என்று பலர் செய்கிறார்கள். எனக்கு அந்தக் காலி செய்கிற வேலையே பிடிக்கவில்லை. கிட்டுக்கு ஒர்க் ட்ரீ, கிட் டைரக்டரி என்ற இரண்டு விருப்பங்களையும் கொடுத்தால், விரித்து வைத்த ஃபோல்டரையே வேலை செய்யும் இடமாக எடுத்துக்கொள்ளும். நகலெடுக்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். ஆட் கட்டளையில் அனைத்தையும் என்று சொன்னால் சேர்ந்தது, மாறியது, போனது எல்லாவற்றையும் அதுவே கண்டுகொள்ளும்.

தமிழில் கோப்புப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: கிட் ஸ்டேட்டஸில் ‘க’ என்ற எழுத்து \340\256\225 என்று வந்தால் பயப்பட வேண்டாம். கோர் கோட்பாத் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழ் தமிழாகவே தெரியும். வரி முடிவைப் பொறுத்தவரை (விண்டோஸில் அதற்கான குறி வேறு), தானாக மாற்றும் அமைப்பை முதலிலேயே அணைத்துவிட்டேன். பழைய நகல் ஒரு பைட்டும் மாறாமல் உள்ளே போக வேண்டும். விண்டோஸில் திருத்திய நகல் வருகிற இடத்தில் டிஃப் முழுக் கோப்பையும் மாறியதாகக் காட்டும்தான். பார்க்கும்போது வரிக் கடைசி இடைவெளியைக் கண்டுகொள்ளாதே என்று சொன்னால் போகிறது.

அப்புறம், ஒரே ஒரு கோப்பின் வரலாறு போதும் என்பவர்கள் ஆர்சிஎஸ் என்ற பழைய வரலாற்றுக் கருவியை ஒரு முறை பாருங்கள். வால்டர் டிச்சி 1980களின் தொடக்கத்தில் எழுதியது. அதன் சிஐ கட்டளையில் டி விருப்பத்தை எந்தத் தேதியும் தராமல் கொடுத்தால் கோப்பின் மாற்ற நேரத்தையே செக்-இன் தேதியாக எடுத்துக்கொள்ளும். நான் சூழல் மாறி வைத்துச் சுற்றி வளைத்துச் செய்ததற்கு அங்கே ஒரே எழுத்து. முந்தைய பதிப்பைவிடப் பழைய தேதியோடு வந்தால் ஏற்காமல் மறுத்துவிடும் என்பது இன்னும் நல்லது. பட்டியலின் வரிசையைச் சோதிக்க நான் அதையே பயன்படுத்தினேன்.

பைசெக்ட் விஷயம். பழைய நகல்களில் பெர்ஃப்ட் கட்டளையே கிடையாது. நகர்வுகளை உருவாக்கும் ஃபங்ஷனை அழைத்து எண்ணுகிற சின்னக் கோப்பு ஒன்றைத் தனியாக எழுதி, ஒவ்வொரு நகலோடும் சேர்த்துக் கம்பைல் செய்ய வைத்தேன். கம்பைல் ஆகாத நகல் வந்தால் சோதனை ஸ்கிரிப்ட் 125 என்ற எண்ணோடு வெளியேற வேண்டும். அதைக் கண்டால் பைசெக்ட் நல்லது கெட்டது எதிலும் சேர்க்காமல் தாண்டிப் போகும். 256 நகல்கள் இருந்தாலும் எட்டுச் சோதனையில் முடிகிற வேலை என்பதால், டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. நகர்வைச் செயல்படுத்தும் ஃபங்ஷனை ஒழுங்குபடுத்திய ஒரு நகலில் இரண்டு வரி இடம் மாறியிருந்தது. ஆன் பாசான் கட்டத்தை முதலில் அழித்துவிட்டுப் பிறகு குறிக்க வேண்டும். அங்கே குறித்த கையோடு அழிந்துகொண்டிருந்தது. வரிகளை மாற்றியதும் 48,65,609 வந்தது.

அடுத்து இரண்டாவது ஸ்கிரிப்டை கிட் ஃபாஸ்ட் இம்போர்ட்டுக்கு மாற்றலாம் என்று இருக்கிறேன். கமிட்டுக்கு ஒரு முறை கிட்டை அழைக்காமல், தேதியும் செய்தியும் உள்ளடக்கமுமாக எல்லாவற்றையும் ஒரே ஓடையாக ஊட்டிவிடலாம். பட்டியல் ஏற்கெனவே தயாராக இருப்பதால் பெரிய வேலை இல்லை.

அதற்கு முன் பென் டிரைவில் இருக்கிற நகல்கள் பாக்கி. ஃபாட் முறையில் நேரம் உள்ளூர் நேரமாக, இரண்டு நொடிக்கு ஒன்றாகத்தான் பதிவாகும். அதனால் டிஸ்கில் உள்ள அதே நகலோடு ஒரு நொடி வித்தியாசம் காட்டுகிறது. நேரத்தை விட்டுவிட்டு ஷா 256ஐ வைத்துத்தான் பொருத்த வேண்டும். புதிதாகத் தேறுகிற வரிகளைப் பட்டியலில் சேர்த்து, ரெப்போவை அழித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி ஓட்டுவேன். நடுவில் ஒரு கமிட் நுழைந்தாலும் அதற்குப் பிந்தைய ஹேஷ்கள் அத்தனையும் மாறிவிடும் என்பதால், அது முடியும்வரை இந்த ரெப்போவை எந்தச் சர்வருக்கும் புஷ் செய்யப் போவதில்லை.