பல்பை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்

என் பழைய லாரியின் ஹெட்லைட் வரவர மங்கிக்கொண்டே போனது. எதிரே வண்டி வந்து டிம்முக்கு மாற்றினால் சாலையின் ஓரமே தெரியாது. பல்ப் புதிது, பேட்டரியும் நன்றாகத்தான் இருந்தது. கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வைத்தியம் சொன்னார்கள்: 100/90 வாட் பல்ப் போடு, இல்லாவிட்டால் எல்இடி போடு. இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். இதே சிக்கலில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று செய்ததை எழுதுகிறேன்.

என்னுடையது 12 வோல்ட் வண்டி, 60/55 வாட் எச்4 பல்ப் (ஒரே பல்புக்குள் பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55 வாட் என்று இரண்டு இழை). 24 வோல்ட் லாரிக்கும் முறை இதேதான். பல்பும் ரிலேயும் (சிறு கரண்டில் இயங்கி பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) மட்டும் 24 வோல்ட்டுக்கு உரியவையாக இருக்க வேண்டும்.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் வோல்டேஜ் முழுசாகக் காட்டும், எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். கரண்ட் ஓடும்போதுதான் வோல்டேஜ் விழும். அதனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லைட் எரிந்துகொண்டிருக்க, ஹோல்டரின் பின்பக்கம் முனையை நுழைத்து அளந்தேன். பேட்டரியில் 14.0 வோல்ட். பல்பில் 12.0 வோல்ட்.

இரண்டு வோல்ட்தானே என்று விட்டுவிடக் கூடாது. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜ் குறையும் அதே அளவில் குறைவதில்லை, ஏறக்குறைய அதன் 3.4 அடுக்கில் (power), அதாவது இன்னும் வேகமாகக் குறைகிறது. 14 வோல்ட்டில் வரவேண்டிய வெளிச்சத்தில் சுமார் 40 சதவீதம் வழியிலேயே போய்விட்டது என்று அர்த்தம்.

எங்கே போகிறது? மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றை பல்பின் பிளஸ்ஸிலும் வைத்தேன்: 1.4 வோல்ட். அடுத்து பல்பின் எர்த்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே: 0.6. பிளஸ் பக்கக் காரணம் சுலபமாகப் புரிந்தது. இரண்டு பல்புக்குமான 9 ஆம்பியர் சொச்சம் கரண்டும் மெல்லிய வயர் வழியாக டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், டிம்-பிரைட் மாற்றும் டிப்பர் சுவிட்சைத் தாண்டி, திரும்ப முன்பக்கம் வருகிறது. அந்த சுவிட்சுகளின் காண்டாக்ட் கறுத்துப் போயிருந்தது. இந்த நிலையில் 100 வாட் பல்ப் போட்டிருந்தால் கரண்ட் இன்னும் கூடும், வோல்டேஜ் இன்னும் விழும், கடைசியில் ஹோல்டரோ சுவிட்சோ உருகும். பல நாடுகளில் அந்த வாட்டேஜை சாலையில் ஓட்ட அனுமதியும் இல்லை.

தீர்வு ரிலே. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ரிலேக்கு ஒன்றாக 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன். ஃபியூஸைத் தள்ளி வைத்தால் அதற்கு முன்னால் இருக்கும் வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. தீப்பிடிக்கிற விஷயம், இதில் சோம்பல் வேண்டாம். ரிலேயின் கால்களில் எண்கள் போட்டிருக்கும்: 30-க்கு ஃபியூஸிலிருந்து வரும் வயர், 87-லிருந்து பல்புக்கு, 85 எர்த், 86-க்குப் பழைய ஹெட்லைட் வயர். இனி அந்த சுவிட்சுகள் ரிலேக்குள் இருக்கும் கம்பிச்சுருளுக்குக் கரண்ட் கொடுத்தால் போதும். அதற்குக் கால் ஆம்பியர்கூடத் தேவையில்லை. சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கம் இருக்கும், இணைப்பு முறை மாறும். வயரை வெட்டுவதற்கு முன்பே மீட்டரால் அதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எர்த்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாடியில் துருப்பிடித்த ஸ்க்ரூவை நம்பாமல், அதே தடிமன் வயரை இரண்டு பல்பிலிருந்தும் நேராக பேட்டரி மைனஸுக்குக் கொண்டுபோனேன். மறுபடி அளந்தபோது பல்பில் 13.6 வோல்ட். அதே பல்ப், முன்னைவிட ஒன்றரை மடங்கு வெளிச்சம்! மஞ்சளாக அழுது வழிந்த லைட் வெள்ளையாக எரிந்ததைப் பார்த்தபோது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அப்படியும் ஒரு பக்கம் கொஞ்சம் சோகையாகவே இருந்தது. டூமை (கண்ணாடியும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த ஹெட்லைட் கூடு) கழற்றினால் உள்ளே ரிஃப்ளெக்டர் ரசம் போன கண்ணாடி மாதிரி இருந்தது. அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, துடைத்தால் மிச்சப் பூச்சும் உரிந்து வரும். இரண்டையும் புது டூமாக மாற்றினேன். பல்ப் மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறி பல்பின் ஆயுள் குறையும்.

எல்இடி பற்றி: எச்4 ரிஃப்ளெக்டர், இழை இருக்கும் துல்லியமான இடத்தை வைத்து வடிவமைத்தது. ஒளி அங்கிருந்து சற்று விலகிப் பிறந்தாலும் சிதறி, எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யும். எனக்குப் பாதை தெரிய அவருக்கு மறைவதில் எனக்கு உடன்பாடில்லை.

கடைசியாக, லைட் மட்டம். டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம்மின் மேல்விளிம்பு பல்பின் உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி ஸ்க்ரூவைத் திருகினேன். பின்னால் பாரம் ஏறினால் மூக்கு தூக்கும், லைட்டும் மேலே போகும். ஆகவே வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு நிறுத்தி இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.