சின்னவன் வாட்ச்

2024 ஏப்ரல் 2, செவ்வாய்

நெஞ்சுத் துடிப்பு 88னு காட்டுது வாட்ச். பல்லு கூட விளக்கல, அதுக்குள்ள 88.

ஏப்ரல் 3, புதன்

என் சின்ன மகன் மேஜை மேல கழட்டி வச்சிட்டுப் போனான், சார்ஜர், பழைய போனு எல்லாம் அப்படியே கிடக்கு. சும்மா கிடக்குதேன்னு கட்டுனேன், இப்ப கழட்ட மனசு வரல. அவன் போடுற ஓட்டை எனக்கு லூசு, ரெண்டு ஓட்டை தள்ளிப் போட்டாதான் நிக்குது. கரண்ட் இல்ல, மோட்டர் ஓடல, ரெண்டு குடம் தண்ணியத் தூக்கிக்கிட்டு அஞ்சு மாடி ஏறினேன், 141. காய்கறிய மட்டும் கயித்துல கட்டி மேல இழுத்துட்டேன். தண்ணிய அப்படி இழுக்க முடியலையே.

ஏப்ரல் 5, வெள்ளி

டாக்டர் சயாமாகிட்ட போனேன். வாட்ச காட்டினதும் சிரிச்சிட்டாங்க. சும்மா உக்காந்திருக்கும்போது 60லேருந்து 100 வரைக்கும் இருந்தா பெரியவங்களுக்கு சரிதானாம், 88ல ஒண்ணும் இல்லையாம். எப்ப பாக்குறீங்க அதச் சொல்லுங்கன்னாங்க. மாடி ஏறி வந்த கையோட பாக்குறீங்க, லபேயே டீ குடிச்சிட்டு பாக்குறீங்க, பயந்துக்கிட்டே பாக்குறீங்க, அப்ப ஏறத்தானே செய்யும். காலைல முழிச்சதும் எந்திரிக்காம படுத்தபடியே பாருங்க, ஒரு வாரம் எழுதிக்கிட்டு வாங்க, உங்க வழக்கம் என்னன்னு தெரியட்டும், அதுலேருந்து ஏறி அங்கயே நின்னுச்சுன்னா யோசிப்போம், ஆனா நெஞ்சுவலி மயக்கம் மூச்சுமுட்டல் வந்தா நம்பர் நல்லா இருக்குன்னு வீட்ல உக்காந்திருக்காதீங்கன்னாங்க. பிரஷர் வேற இது வேறன்னாங்க. இத்தன வருஷமா ரெண்டும் ஒண்ணுன்னே நெனச்சிட்டு இருந்திருக்கேன்.

தூக்கம் எப்படின்னு கேட்டாங்க. வெயில்னு சொல்லிட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ராத்திரி கரண்ட் போனா வாட்ச்சுக்கு அடியில பச்சை வெளிச்சம் தெரியுது, தலகாணி ஓரத்துல மினுக்கு மினுக்குனு. பெரிய மக சிங்கப்பூர்லேருந்து விவரம் சொன்னா. ரத்தம் பச்சை வெளிச்சத்த குடிச்சுக்குமாம், ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் கூடிக் குறையும்போது திரும்பி வர்ற வெளிச்சமும் குறைஞ்சு கூடுது, அத வச்சு எண்ணுதாம். அப்ப இது நெஞ்ச பாக்கவே இல்ல, தோல எட்டிப் பாத்துட்டு கணக்கு சொல்லுது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேல, நகராம கட்டணுமாம்.

டீக்கடைல மேசை மேல இருந்த டிஷ்யூ ரோல்ல கட்டிப் பாத்தேன். 81! பக்கத்து வீட்டு அக்கா சிரிச்சு சிரிச்சு புரையேறிட்டாங்க. எனக்கும் சிரிப்பு வந்துச்சு, எத்தன நாள் கழிச்சு.

ஏப்ரல் 9, செவ்வாய்

போன் வரல. 96.

ஏப்ரல் 11, வியாழன்

விடியக்காலைல அக்காவோட இங்க ரங்கூன் கண்டோஜி ஏரிக்கு நடக்கப் போனேன். வாட்ச் 118லயே நிக்குது, மெதுவா பேசிக்கிட்டே போனாலும் 118, எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, பெஞ்சுல உக்காந்து கையால பாத்தேன். ரெண்டு விரல வச்சு பாக்கணும், கட்டை விரல் ஆகாது, அதுக்கே ஒரு துடிப்பு இருக்கு, நம்மள ஏமாத்திரும். அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்கினா 92தான். பெரியவகிட்ட கேட்டா, கை வீசுறதுக்கு ஏத்த மாதிரி வெளிச்சமும் ஆடுதாம், அது என் காலடிய எண்ணிட்டு இதயம்னு சொல்லியிருக்கு. ஓடுறவங்க சிலபேரு அதனாலதான் நெஞ்சுல பட்டி கட்டிக்கிறாங்களாம், அது இதயத்தோட மின்சாரத்த பிடிக்கிற சாதி.

எங்க தாத்தா கைய தொட்டா போதும், கண்ண மூடிக்கிட்டு சொல்லுவாரு.

ஏப்ரல் 14, ஞாயிறு

குரோதி வருஷம் பொறந்துருச்சு. கீழ ரோட்டுல தண்ணித் திருவிழா, முன்ன மாதிரி இல்ல, கொஞ்சம் சின்னப் பசங்கதான். மாங்கா பச்சடி செஞ்சேன், யாரு தின்ன. அனோரதா ரோடு காளி கோவிலுக்குப் போய் அவன் பேருக்கு அர்ச்சனை பண்ணினேன், பேர சத்தமா சொல்லல. ஐயர் ரெண்டாவது வாட்டி கேட்டாரு. 109.

ஏப்ரல் 18, வியாழன்

இந்த வாட்ச்சுக்கு எனக்கு 23 வயசு. மாடி ஏறி வந்தா "லேசான பயிற்சி"ன்னு காட்டுது! 220ல வயசக் கழிச்சா உச்சம்னு ஒரு குத்துமதிப்பு கணக்கு இருக்குல்ல, அவனுக்கு 197, எனக்கு 54 ஆச்சு, 166தான். பெரியவ வயச மாத்திக்கம்மா, இல்லன்னா தப்பு தப்பா காட்டும்னா. சரின்னேன். மாத்தல.

ஏப்ரல் 21, ஞாயிறு

பழைய போன்ல அவன் துடிப்பு நம்பர் எல்லாம் இருக்கு.

பந்து விளையாடுற உடம்பு, தூங்கும்போது 52, 54. மாசக்கணக்கா அதே மாதிரி தாழ்ந்து போகுது கோடு. மார்ச் 28 ராத்திரி மட்டும் அப்படி இல்ல. பத்து மணிலேருந்து 90க்கு கீழ எறங்கவே இல்ல, ரெண்டு நாப்பதுக்கு 104. காலைல "நல்லா தூங்கினேம்மா"ன்னு சொல்லி ரெண்டு தட்டு மொஹிங்கா, அந்த மீன் குழம்பு நூடுல்ஸ், சாப்பிட்டான். நான் நம்பினேன், செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தானே.

பட்டி லூசா இருந்திருக்கும்னு நெனச்சேன். லூசுன்னா நம்பர் தாவித் தாவிப் போகும், விட்டு விட்டு வரும். இது நூல் பிடிச்ச மாதிரி போகுது. கை ஆடியிருக்கும்னு நெனச்சேன். ராத்திரி பூரா காலடி சைபர், தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கல. காய்ச்சல்னு கூட நெனச்சுப் பாத்தேன், கிளம்பும்போது நெத்திய தொட்டேனே, குளிர்ந்துதான் இருந்துச்சு. அசையாம படுத்துக்கிட்டு 104. நடுவுல ஒரு பலகைத் தடுப்புதான், இந்தப் பக்கம் நானும் முழிச்சிட்டுதான் கிடந்தேன். ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்.

ஏப்ரல் 22, திங்கள்

வாட்ச கழட்டி வச்சேன். மத்தியானம் திரும்ப கட்டிட்டேன்.

ஏப்ரல் 29, திங்கள்

நேத்து சவுக்னு ஒரு பர்மா ஊர்ல 48.2 டிகிரியாம். இங்க ரங்கூன்ல அந்தளவு இல்ல, இருந்தாலும் தரையில கால் வைக்க முடியல. என் காலை நம்பர் 80ஐ ஒட்டி வந்திருந்துச்சு, இந்த வாரம் திரும்ப 90. சயாமா போன்ல சொன்னாங்க, சூட்டுக்கு உடம்பு ரத்தத்த தோலுக்கு அனுப்புது, வேர்த்து தண்ணியும் போயிடுது, இருக்கிற ரத்தத்த வச்சு இதயம் வேகமாத்தான் ஓடணும், தண்ணி குடிங்க உப்பு போட்டு மோர் குடிங்கன்னு. அவன் இருக்கிற எடத்துல நெழல் இருக்குமா தெரியல.

மே 1, புதன்

84. ராத்திரி ஒம்பதரைக்கு புது நம்பர்லேருந்து ரெண்டு ரிங் வந்து கட் ஆயிடுச்சு. திருப்பி அடிச்சா போகல. கரண்ட் போயிடுச்சு, போன்ல சார்ஜ் 11 இருக்கு, எழுதுறத நிறுத்திக்கிறேன்