மூன்று நாள் தவறான இடத்தில் டிஎன்எஸ் மாற்றிக்கொண்டிருந்தேன்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டதே, அன்றைக்கு என்ன நடந்தது என்று தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் பலரிடம் கேட்டு எழுதி, கூகுளின் வலைப்பதிவுத் தளமான பிளாகரில் சேர்த்து வைத்திருக்கிறேன். அந்த நீளமான பிளாக்ஸ்பாட் முகவரியை யாருக்கும் வாயால் சொல்லவே முடியவில்லை. சும்மா கிடந்த சொந்த டொமைன் ஒன்று இருந்தது, சரி, அதையே மாட்டிவிடலாம் என்று போன மாதம் உட்கார்ந்தேன்.

பிளாகர் செட்டிங்ஸில் டொமைன் பெயரைப் போட்டதும் முதலில் எரர்தான் காட்டும், அதன் கீழேயே, டிஎன்எஸ்ஸில் (எந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று குறித்து வைக்கும் இணையப் பதிவேடு) போடச் சொல்லி இரண்டு சி-நேம் தரும், அதாவது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் ரெக்கார்டு. ஒன்று மூன்று டபிள்யூவுக்கானது, அதை ஜிஹெச்எஸ் டாட் கூகுள் டாட் காமுக்குத் திருப்ப வேண்டும். மற்றது டொமைன் நம்முடையதுதானா என்று சரிபார்க்க நமக்கென்றே கொடுக்கும் எழுத்துக்கோவை. டொமைன் வாங்கிய இடத்துப் பேனலில் இரண்டையும் போட்டேன், சேவும் ஆனது, பிளாகர் மட்டும் ஏற்கவில்லை. மாற்றம் இணையம் முழுக்கப் பரவுவதற்கு 48 மணி நேரம்கூட ஆகும் என்று எல்லோரும் சொல்வதை நம்பி மூன்று நாள் காத்திருந்தேன், நடுநடுவே அழித்து அழித்துப் போட்டும் பார்த்தேன்.

கடைசியில் லாஸ்பேட்டையில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு போன் போட்டேன். "அண்ணா, நேம்சர்வர் எங்க இருக்குன்னு பாத்தீங்களா?" என்றான். பார்க்கவில்லை. ஒரு டொமைனின் ரெக்கார்டுகளை வைத்திருந்து, கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் சர்வர்தான் நேம்சர்வர். கமாண்ட் பிராம்ப்டில் அதைக் காட்டும் என்எஸ்லுக்கப் கட்டளையை ஓட்டினால் வந்தது வேறொரு ஹோஸ்டிங் பெயர். இரண்டு வருடம் முன்பு மெயிலுக்காக அவனே மாற்றிக் கொடுத்தது, எனக்கு அது சுத்தமாக நினைவில்லை. டொமைன் எங்கே வாங்கினோம் என்பது கணக்கே இல்லை, நேம்சர்வர் எங்கே காட்டுகிறதோ அங்கே இருக்கிற ரெக்கார்டுதான் செல்லும். யாருமே வந்து கேட்காத இடத்தில் மூன்று நாள் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நேரத்தில் அந்தப் பேனல் ஒரு வரி எச்சரிக்கையாவது காட்ட வேண்டாமா?

நேம்சர்வரைத் திருப்பி மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படிச் செய்தால் மெயில் நின்றுவிடும் என்று அவன் தடுத்தான், நல்லவேளை. ஹோஸ்டிங் பேனலுக்குள் போய்ப் பார்த்தபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டு வெறும் டொமைன் பெயரையே காட்டிக்கொண்டிருந்தது. மூன்று டபிள்யூ இல்லாமல் தட்டுகிறவர்களுக்காக அந்த வெறும் பெயருக்கு 216.239.32.21, 216.239.34.21, 216.239.36.21, 216.239.38.21 என்று கூகுளின் நான்கு ஐபியையும் ஏ ரெக்கார்டாக (பெயரை நேராக ஐபி எண்ணுக்குக் காட்டுவது) போட வேண்டும், போட்டால் எனக்கு வரும் மெயிலும் கூகுள் வாசலுக்குப் போய் நிற்கும். அதனால் முதலில் மெயில் என்று ஒரு துணைப்பெயர் உண்டாக்கி, அதற்குப் பழைய ஐபியைக் கொடுத்து, எம்எக்ஸை அந்தப் பெயருக்கு மாற்றினோம். அவன் எனக்கு ஒரு மெயில் அனுப்பி, அது வந்து சேர்ந்த பிறகுதான் மற்றதில் கை வைத்தேன். மெயில் வைத்திருப்பவர்கள் இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

அப்புறம் மூன்று டபிள்யூவுக்கு ஏற்கெனவே இருந்த ரெக்கார்டை அழித்தேன், ஒரே பெயரில் சி-நேமோடு வேறெதுவும் இருக்கக்கூடாது. சில பேனல்கள் டொமைன் பெயரைத் தானாகவே பின்னால் ஒட்டிக்கொள்ளும், நாம் முழுசாக எழுதினால் பெயர் இரண்டு தடவை வந்துவிடும். சேவ் செய்த பிறகு அந்த வரியை ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஒரு ரெக்கார்டை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் டிடிஎல் 14400 விநாடி என்றிருந்தது, அதாவது 4 மணி நேரம். அன்று சாயங்காலமே பிளாகர் ஏற்றுக்கொண்டது. ரீடைரக்டையும் எச்டிடிபிஎஸ்ஸையும் ஆன் செய்தேன், சர்டிபிகேட் கொஞ்சம் தாமதித்து வந்தது. மொபைல் டேட்டாவில் பக்கம் திறந்தபோதும் வீட்டு வைஃபையில் பழைய வெள்ளைப் பக்கமே வந்துகொண்டிருந்தது, ரூட்டரை அணைத்துப் போட்டதும் அதுவும் சரியானது. ராத்திரி ஒன்பது மணிக்கு சிங்காரத்தோப்புத் தங்கச்சி ஒருத்திக்குப் புது முகவரியை போனிலேயே சொன்னேன், ஒரே தடவையில் தட்டித் திறந்து, அவங்க அப்பா சொன்ன கதையை அவருக்கே படித்துக் காட்டினாள்.