நெல்லையில் எஸ்டீமுக்குக் கேம் மாற்றிய கணக்கு

"அண்ணாச்சி, கேம் மாத்துனா எத்தனை குதிரை கூடும்?" பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். கேம் என்பது எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. அதை மட்டும் மாற்றினால் கூடுவது கொஞ்சம்தான், அதுவும் மேல் சுற்றில் மட்டும். கீழே இருந்த இழுவையும் போய்விடும். கூடவே செய்ய வேண்டிய வேலைகளைச் செய்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன் கிடைக்கும். டர்போ இல்லாத, பெட்ரோலை இன்ஜெக்டரால் தெளிக்கும் (எம்.பி.எஃப்.ஐ) பிந்தைய மாருதி எஸ்டீம், ஜிப்சி கிங் வண்டிகளின் 1298 சி.சி, 16 வால்வு, ஒற்றைக் கேம் எஞ்சினில் நாங்கள் செய்து பார்த்த வேலையை வைத்து இதை எழுதுகிறோம்.

சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில் தெளிவு வேண்டும். டார்க்கை (சுழற்றும் விசை, நியூட்டன் மீட்டரில்) ஆர்.பி.எம்மால் (நிமிடச் சுற்று) பெருக்கி 7121ஆல் வகுத்தால் பி.எச்.பி, அதாவது குதிரைசக்தி. 5500இல் 100 நியூட்டன் மீட்டர் இருந்தால் 77 பி.எச்.பி. அதே 100ஐ 6500 வரை விழாமல் பிடித்து வைத்தால் 91. சாதாரணக் காற்றை இழுத்து ஓடும் எஞ்சினில் உச்ச டார்க்கை அதிகம் ஏற்ற முடியாது, லிட்டருக்கு 80 முதல் 90 நியூட்டன் மீட்டரைச் சுற்றியே நிற்கும். கேம் செய்வது அந்த டார்க்கை மேல் சுற்றுக்குத் தள்ளி வைப்பது. தள்ளும்போது 3000க்குக் கீழே கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். செங்கோட்டை தாண்டிப் புளியரை ஏற்றத்தில் இரண்டாவது கியரில் போகிறவனுக்கு இந்த 3000தான் உயிர்.

அதனால் கேமைத் தேர்ந்தெடுக்கும்போது லிஃப்டை (வால்வு திறக்கும் உயரம்) பார்ப்பதற்கு முன், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு மூடும் இடத்தைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்தே இருக்கும். வேகமான சுற்றில் காற்றின் ஓட்டம் தன் உந்தலிலேயே உள்ளே வந்துகொண்டிருக்கும். மெதுவான சுற்றில் அந்த உந்தல் கிடையாது, உள்ளே வந்த காற்றைப் பிஸ்டனே வெளியே தள்ளிவிடும். இதை எண்ணில் பார்ப்போம். ஸ்ட்ரோக் 75.5 மி.மீ, கனெக்டிங் ராட் 120 மி.மீ, கம்ப்ரஷன் (அழுத்த விகிதம்) 9.5 என்று கொள்ளுங்கள். அடிமட்டம் தாண்டி கிராங்க் 45 டிகிரி திரும்பியதும் வால்வு மூடினால் நிஜமாக அழுத்தப்படும் விகிதம் 8.6. 60 டிகிரியில் மூடினால் 7.9. பெரிய கேம் போட்ட வண்டி கீழ்ச் சுற்றில் செத்துக் கிடப்பதற்குக் காரணம் இந்த 0.7தான்.

அதை ஈடுகட்ட 60 டிகிரி கேமுக்கு 10.4 கம்ப்ரஷன் வேண்டும். ஒரு சிலிண்டர் 324.5 சி.சி. 9.5க்கு எரி அறை 38.2 சி.சி, 10.4க்கு 34.5 சி.சி. கிட்டத்தட்ட 3.7 சி.சி குறைக்க வேண்டும். 74 மி.மீ போருக்கு ஹெட்டில் 0.1 மி.மீ சீவினால் அதிகபட்சம் 0.43 சி.சி குறையும். ஆக 0.85 மி.மீக்குக் குறையாமல் சீவ வேண்டும், அது மிக அதிகம். போதாக்குறைக்கு இந்தப் பக்கத்து ஹெட்கள் பல ஏற்கெனவே சூடேறி வளைந்து ஒருமுறை லேத்துக்குப் போய் வந்தவை. முதலில் ஹெட்டின் உயரத்தை அளந்து பாருங்கள். நாங்கள் 0.5 மி.மீயோடு நிறுத்திக்கொள்கிறோம். அதற்குக் கிடைப்பது 10.0 அளவில். அதற்கு ஏற்றபடி 52, 53 டிகிரியில் மூடும், 264 டிகிரியைச் (வால்வு திறந்திருக்கும் கிராங்க் கோணம்) சுற்றிய சிறு கேமாக எடுப்பதே புத்தி. 288 கேம் ஐட்லிங்கில் உறுமுவதைக் கேட்டு மயங்குகிறவர்கள் அதிகம். கார் ரேஸ் பாதையில் மட்டும் ஓடினால் சரி, வண்ணார்பேட்டை சிக்னலில் நிற்க வேண்டுமென்றால் வேண்டாம்.

எரி அறையை அளக்காமல் நம்பக் கூடாது. வால்வும் ஸ்பார்க் பிளக்கும் மாட்டி, நடுவில் துளையிட்ட கண்ணாடி பிளேட்டைக் கிரீஸ் தடவி ஒட்டி, பியூரெட்டால் மண்ணெண்ணெய் விட்டு நான்கையும் அளக்க வேண்டும். நான்குக்கும் இடையே அரை சி.சிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சரிசெய்த பிறகே சீவக் கொடுக்க வேண்டும்.

இந்த எஞ்சினுக்குக் கேம் பெரும்பாலும் பழையதையே திருப்பி அரைத்து வாங்குவதுதான். அரைக்கும்போது அடி வட்டம் சிறுத்துவிடும், கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் ராக்கர் ஆர்மின் கோணம் மாறும், அட்ஜஸ்ட் ஸ்க்ரூ அதிகமாக வெளியே வரும். ராக்கர் முகத்தில் நீல மை தடவிச் சுற்றிப் பாருங்கள். உரசல் தடம் முகத்தின் நடுவில் இருக்க வேண்டும். ஓரத்துக்கு வந்துவிட்டால் கேம் சீக்கிரமே கீறிவிடும். புதிதாக அரைத்த கேமில் பழைய ராக்கரை அப்படியே போடாதீர்கள், முகத்தையும் சீர்செய்யுங்கள் அல்லது புதிது வாங்குங்கள்.

ஸ்பிரிங் விஷயத்தில் இரண்டு அளவு. முழு லிஃப்டில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்ட இன்னும் 1 மி.மீயாவது மிச்சம் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கைப் பிடிக்கும் ரிட்டெய்னருக்கும் வால்வு சீலுக்கும் நடுவே 1.5 மி.மீ. பழைய ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு இறுக்கம் கூட்டுவது ஊர் வழக்கம். முதல் அளவைத் தின்பது அந்த வாஷர்தான், பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்வும் பிஸ்டனும் முட்டுமா என்பதைக் கணக்கில் மட்டும் விடாமல் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் பார்க்க வேண்டும். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, வால்வில் துளி எண்ணெய் தடவி, போடப்போகும் கேஸ்கட்டின் அதே தடிமனில் பழைய ஒன்றை வைத்து ஹெட்டை இறுக்கி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். கழற்றி, பிளேடால் வெட்டி, மெல்லிய இடத்தை அளந்தால் இன்டேக்கில் 2 மி.மீ, எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீளும், அதனால் அதற்குக் கூடுதல். மிக நெருங்குவது மேல்மட்டத்தில் அல்ல, அதைச் சுற்றிய 10 டிகிரியில். கேமை முன்னே தள்ளினால் இன்டேக் இடைவெளி குறையும், பின்னே தள்ளினால் எக்ஸாஸ்ட். பழைய கேஸ்கட் நசுங்கி இருப்பதால் இந்த அளவு உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். அது நமக்கு நல்லதுதான்.

பலரும் தாண்டிப் போகும் வேலை டிகிரி வைப்பது, அதாவது கேமைக் கிராங்கோடு சரியான கோணத்தில் பொருத்துவது. ஹெட்டைச் சீவியதும் கேம் கிராங்குக்கு அருகில் வந்துவிடும், பெல்ட்டின் இழுக்கும் பக்கத்தில் நீளம் மிஞ்சும், கேம் பின்தங்கும். பல் சக்கரத்தின் சுற்றளவு 320 மி.மீ என்றால் 0.5 மி.மீக்குக் கிராங்கில் ஒரு டிகிரிக்கு மேல். அரைத்தவரின் பிழையும் சேர்ந்தால் 4, 5 டிகிரி தவறுவது சாதாரணம். அதற்கு நகர்த்தக்கூடிய கேம் புல்லி வேண்டும்.

கிராங்கில் 360 டிகிரி சக்கரத்தை மாட்டுங்கள். பிளக் துளையில் தடுப்பு போல்ட் போட்டு, கிராங்கை இருபுறமும் முட்டும்வரை சுற்றி, இரண்டு எண்ணின் நடுவை மேல்மட்டமாகக் குறியுங்கள். தடுப்பைக் கழற்றிவிட்டு முதல் சிலிண்டர் இன்டேக் ரிட்டெய்னரில் டயல் கேஜ் வையுங்கள். முழு லிஃப்டுக்கு 1 மி.மீ கீழே, ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று படியுங்கள். 70, 150 என்று வந்தால் நடு 110. கேமோடு வரும் அளவு அட்டையில் 106 என்றிருந்தால் கிராங்கில் 4 டிகிரி முன்னே, புல்லியில் 2 டிகிரி. எஞ்சின் ஓடும் திசையில் மட்டுமே சுற்ற வேண்டும். பின்னே திருப்பினால் பெல்ட் தொய்ந்து எண் பொய்யாகும், எண்ணைத் தாண்டிவிட்டால் அதற்கும் பின்னால் போய்த் திரும்ப முன்னே வாருங்கள். ஒற்றைக் கேம் என்பதால் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் சேர்ந்தே நகரும், இரண்டு வால்வும் ஒரே நேரம் திறந்திருக்கும் ஓவர்லாப்பை மாற்ற வழியில்லை. மலை ஓட்டத்துக்கு அட்டையைவிட 2 டிகிரி முன்னே வைப்பது எங்கள் பழக்கம்.

எக்ஸாஸ்ட் பக்கம் கம்பெனி மேனிஃபோல்டையே வைத்துக்கொண்டு கேம் போடுவது, வாசலை அகலத் திறந்துவிட்டுக் கொல்லைப்புறத்தைப் பூட்டுவது மாதிரி. நான்கு குழாயை இரண்டாக்கிப் பிறகு ஒன்றாக்கும் 4-2-1 ஹெடர் 3000 முதல் 5500 வரை உதவும். 4-1 உச்சத்துக்கு மட்டும். முதல் குழாய்கள் 35 மி.மீ உள் விட்டத்தைச் சுற்றி இருந்தால் போதும். பெருத்தால் வாயுவின் வேகம் விழும்.

உள்ளே போகும் காற்றுக்கு நெல்லை வெயில் தனிப் பிரச்சினை. வெளிக்காற்று 40 டிகிரி இருக்கும் நாளில் பானட்டுக்குள் 60ஐத் தாண்டும். 40 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 60 டிகிரிக் காற்று 6 சதவீதம் லேசு, அதனோடு சக்தியும் போச்சு. பானட்டுக்குள் திறந்த கூம்பு ஃபில்டர் சத்தத்துக்கு மட்டுமே. பழைய ஃபில்டர் பெட்டியை வைத்துக்கொண்டு, ஹெட்லைட் பின்னாலிருந்து 65 மி.மீ குழாய் இழுத்து, ஹெடருக்குத் தகடு மறைப்புக் கொடுப்பது மேல்.

எரிபொருள் இப்போது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலப்பால் சரியான காற்று-எரிபொருள் விகிதம் 14.7இலிருந்து 13.5 அளவுக்கு இறங்கியிருக்கிறது. பழைய எண்ணை வைத்துப் பெட்ரோல் விட்டால் வண்டி பெட்ரோல் குறைந்து வறட்சியாக ஓடும். அதனால் புகையில் உள்ள ஆக்சிஜனைப் படிக்கும் வைட்பேண்ட் மீட்டரை லாம்ப்டா அளவிலேயே (சரியான விகிதம் என்றால் 1) வைத்துப் படியுங்கள், முழு த்ராட்டிலில் 0.87 பக்கம் நில்லுங்கள். 95 பி.எச்.பிக்கு ஓர் இன்ஜெக்டர் நிமிடத்துக்கு 150 சி.சி கொடுத்தால் போதும். பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள்.

மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பி ஓடும் ஈ.சி.யூவுக்கு (எஞ்சினை இயக்கும் கணினி) பெரிய கேம் ஒரு தலைவலி. ஓவர்லாப் கூடினால் ஐட்லிங்கில் வேக்குவம் விழும். ஈ.சி.யூ அதை பாரம் ஏறியதாக நினைத்துப் பெட்ரோலைக் கொட்டும், பிளக் கறுக்கும், புகைச் சோதனையில் எச்.சி (எரியாத ஹைட்ரோகார்பன்) ஏறும். தனி ஈ.சி.யூ அல்லது மாற்றி எழுதிய எரிபொருள் அட்டவணை இல்லாமல் 272 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். அதே வேக்குவத்தில்தான் பிரேக் பூஸ்டரும் வேலை செய்கிறது. கேஜ் மாட்டிப் பாருங்கள். முன்பு 450 மி.மீ பாதரசம் இருந்தது 330க்கு வந்திருந்தால், மலை இறக்கத்தில் அடுத்தடுத்து பிரேக் மிதிக்கும்போது பெடல் கல்லாகும். பூஸ்டருக்குத் தனிச் சேமிப்புக் குப்பி வைக்காமல் அந்த வண்டியை வெளியே எடுக்காதீர்கள். வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52ஐயும் மறக்க வேண்டாம். போட்டிக்கும் தனியார் இடத்துக்கும் என்றே இந்த வேலையைச் செய்கிறோம்.

முதல் ஸ்டார்ட்டை விடியற்காலையில் வையுங்கள், மதிய வெயிலில் வேண்டாம். கேம் முகங்களில் மாலி (மாலிப்டினம்) பேஸ்ட், துத்தநாகம் அதிகமுள்ள 20W-50 ஆயில். இக்னிஷனைப் பிடுங்கி, ஆயில் விளக்கு அணையும்வரை சுற்றுங்கள். பிடித்ததும் ஐட்லிங்கில் விடாமல் உடனே 2000க்கு ஏற்றி, 2000க்கும் 2500க்கும் இடையே மாற்றி மாற்றி 20 நிமிடம். ரேடியேட்டர் முன்னால் பெரிய மின்விசிறி ஒன்று. ஆறியதும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, ஃபில்டரை வெட்டி விரித்துப் பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் ராக்கர் கவரைத் திறந்துவிட வேண்டியதுதான். இல்லையென்றால் வால்வு இடைவெளியை மறுபடி வைத்துவிட்டு, 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை.

சக்தியை அளக்கும் டைனோ இயந்திரம் இல்லாமல் சோதிக்க, ஓடும்போது சுற்றையும் நேரத்தையும் பதியும் லாக் போதும். இரண்டாவது கியரில் 2500 முதல் 6500 வரை, ஒவ்வொரு 500க்கும் எடுத்த நேரத்தை எழுதிப் புல்லியை 2 டிகிரி மாற்றித் திரும்பப் பாருங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பணகுடி, காவல்கிணறு பக்கம் இதைச் செய்தால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எல்லா எண்ணையும் கெடுத்துவிடும். அங்கே காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. காற்று அடங்கிய அதிகாலையில், இரு திசையும் ஓட்டிச் சராசரி எடுங்கள். ரெவ் லிமிட்டை 7000இல் நிறுத்துங்கள், அங்கே பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 17.6 மீட்டர். கம்பெனி வார்ப்புப் பிஸ்டனுக்கும் பழைய ராட் போல்ட்டுக்கும் அதுவே போதும்.