எந்தத் தண்ணீரில் என்று கேளுங்கள்

கார்பன் நானோ துகள் (கண்ணுக்கே தெரியாத அளவு நுண்ணிய கார்பன் துகள்) பாக்டீரியாவைக் கொன்றுவிடும் என்று ஒரு வரிச் செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எந்தத் தண்ணீரில் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நீலகிரியில் இருக்கிற நமக்கு அதுதான் முக்கியம்.

இந்தத் துகள்களில் ஒன்றான ஃபுல்லரீனை எடுத்துக்கொள்வோம். 60 கார்பன் அணுக்கள் சேர்ந்த உருண்டைக் கூடு. 1985-ல் கண்டுபிடித்தார்கள், 1996-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. தண்ணீருக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. ஆனாலும் வாரக்கணக்கில் விடாமல் கலக்கினால் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் ஏறி, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அடியில் படியாமல் அப்படியே நிற்கும், தண்ணீரும் மஞ்சளடித்துப் போகும். ஆய்வகத்தில் ஈ.கோலை பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தியது இந்தக் கலங்கல்தான். கொத்து சிறிதாக இருந்தால் வீரியம் அதிகம். (தயாரிக்கும்போது கரைப்பானாகச் சேர்த்த டெட்ராஹைட்ரோஃபியூரானின் மிச்சம் செய்த கெடுதலும் சில ஆரம்பகாலச் சோதனைகளில் ஃபுல்லரீன் கணக்கில் சேர்ந்துவிட்டது.)

இதில் கொஞ்சம் கால்சியம் உப்பைப் போடுங்கள். மின்னூட்டத்தின் தள்ளல் அடங்கி, துகள்கள் ஒட்டிப் பெருத்து, கீழே இறங்கிவிடும். சாதாரண உப்பு இதே வேலையைச் செய்ய எத்தனையோ மடங்கு அதிகம் வேண்டும்.

அப்புறம் நம்ம ஊர் தண்ணீர். அவலாஞ்சி பக்கம் சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே இருக்கும் சதுப்பில் ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால் பழுப்பாகத் தெரியும். பல ஆயிரம் வருஷமாக முழுசாக மக்காமல் கிடக்கும் புல்லும் இலையும் கறுப்பு மண்ணாகி, அதிலிருந்து ஹியூமிக் அமிலம் கசிந்து வருகிறது. பிசின் சேர்த்த மையில் கரி படியாமல் நிற்பதைப் போல, இந்த அமிலம் துகளைச் சுற்றிப் போர்த்தி மிதக்க வைக்கும், பாக்டீரியா மேல் அதன் தாக்கத்தையும் வெகுவாகக் குறைத்துவிடும். மலைத் தண்ணீரில் கால்சியமும் குறைவு. ஆக, இங்கே துகள் விழுந்தால் வீரியம் குறைந்து, ஆனால் வெகுதூரம் போகும் என்பது என் கணிப்பு. ஆறு மலையிலிருந்து கீழே இறங்கி, கால்சியம் கூடுகிற இடத்தில் அதே ஹியூமிக் அமிலம் துகள்களைப் பாலம் போட்டுச் சேர்த்துவிடவும் செய்யும். அப்போது ஆற்றுச் சேற்றில் இருக்கிற நுண்ணுயிர்கள்தான் அதோடு வாழ வேண்டியிருக்கும்.

இங்கே கல்லூரியில் புராஜெக்ட் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காய்ச்சி வடித்த நீர்க் குடுவைக்குப் பக்கத்தில் சதுப்பு நீர்க் குடுவை ஒன்றும் வையுங்கள், இரண்டிலும் கால்சியம் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள்.