கூட்டாமல் குறைத்த சிகிச்சை

மார்பகப் புற்றுநோய் என்று உறுதியான பின்னர் எனக்குச் செய்யப்பட்டவற்றைவிட, செய்யாமல் விடப்பட்டவற்றைப் பற்றியே அதிகம் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. என் பெரியம்மாவின் மகளுக்கு சுமார் 20 வருடங்களுக்கு முன்னர் இதே நோய் வந்தபோது ஒரு பக்க மார்பகம் முழுவதையும் அகற்றினார்கள். அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் வழித்து எடுத்தார்கள். அதன் பின்னர் வீங்கிய அந்தக் கையில் அக்காவால் இன்றுவரை ஒரு வளையல் போட முடியவில்லை. எனக்கும் அதுதான் நடக்கும் என்று நினைத்தேன். நடக்காததற்குக் காரணம் அதிர்ஷ்டம் மட்டுமல்ல.

கட்டி கையில் தட்டுப்பட்டதும் கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் நிலையத்துக்குப் போனேன். தேசிய புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் இயங்கும் அந்த நிலையத்துக்கு வைத்தியரின் கடிதம் எதுவும் இல்லாமல் நேரே போகலாம் என்பது வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் உள்ள படித்தவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை. அங்கு பரிசோதித்து, மேற்கொண்டு பார்க்க ஓர் அரச வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு அனுப்பினார்கள். மெமோகிராம், ஸ்கேன், ஊசியால் திசு எடுத்தல் என்று வரிசையாக நடந்தன. கட்டியின் அளவு 1.6 சென்ரிமீற்றர்.

திசுப் பரிசோதனை அறிக்கையில் ‘ஹெர்-2: 2+’ என்று ஒரு வரி இருந்தது. ஹெர்-2 என்பது உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். மார்பகப் புற்றுநோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கோ அதைவிடச் சற்றுக் குறைவானவர்களுக்கோ அது அளவுக்கு மீறி உற்பத்தியாகி, கட்டியை வேகமாக வளரத் தூண்டுகிறது. 0, 1+ என்று வந்தால் இல்லை என்றும், 3+ என்று வந்தால் உண்டு என்றும் முடிவெடுத்துவிடுவார்கள். எனக்கு வந்த 2+ இரண்டுக்கும் நடுவில் நிற்பது. அப்படியானால் ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனையைச் செய்து, அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவின் பிரதிகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதற்காக என் திசு பதிக்கப்பட்ட மெழுகுக் கட்டியை வைத்தியசாலையில் கையொப்பமிட்டுப் பெற்று, வெளியில் உள்ள ஆய்வுகூடத்தில் ஒப்படைக்கும் பொறுப்பு மகளுக்கு வந்தது. தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் கூடு ஒன்றில், பென்சிலால் எழுதிய ஓர் இலக்கத்தோடு, வெள்ளை மெழுகுக்குள் நூல் துண்டுகள் போல இரண்டு மூன்று மெல்லிய கீற்றுகள் தெரிந்தன. வெயிலில் உருகிவிடுமோ என்று மகள் அதைக் கைப்பைக்குள் கைக்குட்டையால் சுற்றி வைத்துக்கொண்டாள். அந்தத் தனியார் ஆய்வுகூடம் சொன்ன திகதிக்குப் பெறுபேற்றைத் தரவில்லை. தொலைபேசியில் கேட்ட ஒவ்வொரு முறையும் ‘நாளைக்கு’ என்றார்கள். கடைசியில் வந்த பெறுபேறு: ஹெர்-2 உண்டு.

ஒரு தலைமுறைக்கு முன்னர் இது மிகக் கெட்ட செய்தியாக இருந்திருக்கும். இந்த மரபணு பெருகிய கட்டிகள் மோசமாக நடந்துகொள்கின்றன என்பதை அமெரிக்காவில் டெனிஸ் ஸ்லேமனும் அவரது குழுவினரும் 1987இல் காட்டினார்கள். அதே புரதத்தை இலக்கு வைத்துத் தாக்கும் ட்ரஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு 1998இல் அந்த நாட்டில் அங்கீகாரம் கிடைத்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. கெட்ட செய்திக்கு எதிராகவே ஒரு மருந்து இருப்பதால், இன்று அந்த வரியைப் பார்த்ததும் வைத்தியர்களின் முகம் வாடுவதில்லை.

சத்திரசிகிச்சை நிபுணரிடம் நான் முதலில் கேட்டது முழு மார்பகத்தையும் எடுத்துவிடலாமா என்பதுதான். எடுத்தால் நிம்மதி என்று வீட்டில் எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தாலும், முழுவதையும் அகற்றினாலும், உயிர் வாழும் காலத்தில் வித்தியாசம் இல்லை என்பதை அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும் இத்தாலியில் உம்பெர்த்தோ வெரோனேசியும் நடத்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவற்றின் 20 ஆண்டுப் பெறுபேறுகள் 2002இல் வெளிவந்தன. சத்திரசிகிச்சை நிபுணர் அந்தப் பெயர்களைச் சொல்லவில்லை, நான் பின்னர் தேடிப் படித்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “எடுக்கச் சொன்னால் எடுக்கிறேன். ஆனால் பயத்தினால் கேட்கிறீர்களா, விருப்பத்தினால் கேட்கிறீர்களா என்று ஒரு கிழமை யோசித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.” இப்படி ஒரு கிழமையைத் தருவதுதான் நோயாளியை மையப்படுத்திய பராமரிப்பு என்று நான் நினைக்கிறேன். கட்டியை மட்டும் எடுக்கச் சம்மதித்தேன்.

அக்குளில் முழுவதையும் வழிக்கவில்லை. மார்பகத்தில் நீல மையைச் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் கணுக்களை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் நோய் இல்லாததால் மற்றவற்றைத் தொடவில்லை. மறுநாள் காலை சிறுநீர் பச்சையும் நீலமுமாகப் போனதைக் கண்டு பதறித் தாதியைக் கூப்பிட்டேன். அந்த மிஸ் சிரித்துவிட்டு, மை உடம்பை விட்டுப் போகிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். இதை முன்னரே சொல்லிவைத்தால் நல்லது.

கீமோவுக்கு மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனேன். கிருலப்பனைக்கு ஓட்டோவில் போய், அங்கிருந்து 138 பஸ். கட்டி சிறியது, கணுக்களில் நோய் இல்லை என்பதால், பல மருந்துகள் சேர்ந்த கடுமையான கீமோவுக்குப் பதிலாக, கிழமைக்கு ஒரு தடவை பக்ளிடக்செல் என்ற ஒரே கீமோ மருந்து 12 கிழமைகளுக்கும், அதனுடன் தொடங்கி ஒரு வருடம் வரை ட்ரஸ்டுசுமாப்பும் போதும் என்றார்கள். 406 பெண்களிடம் இந்த முறையைச் சோதித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று ஆண்டுகளின் முடிவில் 98.7 வீதமானோர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஹட்டனிலிருந்து வந்த ஒரு தங்கச்சி இருந்தார். அவருக்குத் தமிழில் விளக்கும்படி தாதி என்னைக் கேட்டபோது, தலையாட்டிக்கொண்டே இருந்தவர் முதல் தடவையாகக் கேள்வி கேட்கத் தொடங்கினார். தோட்டத்தில் கொழுந்து பறிக்க எப்போது திரும்பலாம் என்பது அதில் முதலாவது. எந்த நாட்டு மருந்து வந்தாலும், அதைப் பற்றிக் கேட்கும் கேள்வி அவரவர் மொழியில்தான் வரும்.

பக்ளிடக்செல் விரல் நுனிகளை மரக்கவைக்கும். பாதி தாண்டிய பின்னர், சேலைக்கு ஊசி குத்துவது பெரிய வேலையாகிவிட்டது. கிளினிக்கில் ஓர் இளம் வைத்தியர், மரத்துப்போகிறதா என்று கேட்பதோடு விடாமல், “அம்மா, இந்த மேற்சட்டையின் பொத்தானைப் போட்டுக் காட்டுங்கள்” என்று தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றித் தந்தார். இரண்டாவது பொத்தானிலேயே நான் தடுமாறியதைப் பார்த்து, நிபுணரிடம் போய்ப் பேசி, மருந்தின் அளவைக் குறைத்து எழுதி வந்தார். எந்த ஸ்கேனையும்விட அந்தப் பொத்தான் என்னைச் சரியாக அளந்தது.

அடுத்தது கதிர்ச் சிகிச்சை; நம்மவர்கள் ‘கரண்ட் பிடிப்பது’ என்பார்கள். முன்னர் ஐந்து கிழமைகளில் 25 தடவை கொடுத்ததை, பிரித்தானிய ஆய்வுகளின் பின்னர் மூன்று கிழமைகளில் 15 தடவையாகச் சுருக்கிவிட்டார்கள். ஒரே கிழமையில் 5 தடவை போதும் என்று காட்டும் ஆய்வும் 2020இல் வந்திருக்கிறது. எனக்கு 15. படுத்திருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான், காத்திருப்பதுதான் நீளம். தூர மாவட்டங்களிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்குபவர்களுக்கு இரண்டு கிழமை வாடகை மிச்சம். அதே இயந்திரத்தில் வரிசையில் நிற்கும் இன்னொருவருக்கும் இடம் கிடைக்கிறது.

ட்ரஸ்டுசுமாப் இதயத்தைச் சற்றுத் தளர்த்தக்கூடும் என்பதால், மூன்று மாதங்களுக்கு ஒரு தடவை எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு தடவை இதயம் இரத்தத்தைத் தள்ளும் அளவு இறங்கியதால் மருந்தை நிறுத்திவைத்து, ஏறிய பின்னர் தொடர்ந்தார்கள். அந்த இடைவெளியில், ஆறு மாதங்களோடு முடித்துக்கொள்ளலாமா என்று நிபுணரைக் கேட்டேன். 4,000க்கும் அதிகமான பெண்கள் பங்குகொண்ட பிரித்தானிய ஆய்வு ஒன்று ஆறு மாதங்கள் போதும் என்று 2019இல் சொன்னதை நான் படித்திருந்தேன். அவர் கோபிக்கவில்லை. அதே வருடம் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில் அதை நிரூபிக்க முடியவில்லை என்றும், அதனால் ஒரு வருடமே இன்னும் வழக்கத்தில் இருக்கிறது என்றும், இதயம் மறுபடியும் தளர்ந்தால் தயங்காமல் நிறுத்துவோம் என்றும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் இரண்டு கோடுகள் வரைந்து காட்டினார். தளரவில்லை, ஒரு வருடத்தையும் முடித்தேன்.

இப்போது, ஈஸ்ட்ரஜன் ஹோர்மோனைக் குறைக்கும் லெட்ரசோல் மாத்திரை தினம் ஒன்று, வருடத்துக்கு ஒரு மெமோகிராம். அந்த மாத்திரை எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும் என்பதால், அதையும் அளந்து பார்த்து கல்சியம் எழுதித் தந்திருக்கிறார்கள். ஐந்து ஆண்டுகள் போட வேண்டுமாம். அதற்கு மேல் தேவையா என்பதை அப்போதைய ஆய்வுகளைப் பார்த்துப் பேசித் தீர்மானிப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள்.