தண்ணி கூடவே போற ரோடு

கல்லணையிலேர்ந்து பூம்புகார் வரைக்கும் காவிரி ஓரமாப் போற ரோட்டுக்கு மாநில நெடுஞ்சாலை 22ன்னு பேரு. அப்படிச் சொன்னா எங்க பக்கம் ஒருத்தருக்கும் புரியாது. கும்பகோணத்துக்காரங்களுக்கு மேற்கால போனா திருவையாறு ரோடு, கிழக்கால போனா மாயவரம் (மயிலாடுதுறை) ரோடு, அவ்ளோதான். பச்சைத் தலை வச்ச மைல்கல்லைப் பாத்தாதான் எல்லாமே ஒரே ரோடுன்னு தெரியும்.

மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறந்தா மூணு நாலு நாள்ல கல்லணைக்கு வந்துரும். அங்கேர்ந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறுங்கற கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரிச்சு விடுவாங்க. 2023ல திறந்தப்போ அப்பாவை பைக்ல வச்சுக்கிட்டு கல்லணையிலேர்ந்து கிளம்பினேன், தண்ணி கூடவே அது கடைசியாப் போய்ச் சேர்ற கடைமடை வரைக்கும் போயிடணும்னு ரொம்ப நாள் ஆசை.

திருக்காட்டுப்பள்ளி தாண்டினதும் ரெண்டு பக்கமும் வாழை, நடுவுல ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும். எதுக்குடா இத்தனை வளைவுன்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன், ஆறு வளையுது ரோடும் வளையுதுன்னு அப்பா சொல்வாரு. அகலப்படுத்துறோம், நேராக்குறோம்னு மரத்தை வெட்டுறப்பல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். போன தடவை நின்னு இளநீர் குடிச்ச மருதமரத்தடியில இப்ப அடிமரம் மட்டும் கெடக்கு, அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி அதுமேல கை வச்சுக்கிட்டு நின்னாரு. மருதமரம் ஆத்தங்கரையில தானா வர்ற மரம், திருவிடைமருதூருக்குப் பேரே அதுலேர்ந்து வந்ததுதான், இந்த ரோட்டுல போய் அதை வெட்டலாமா?

திருவையாறு தாண்டி ஒரு படித்துறையில உக்காந்தோம். அங்கதான் புதுத்தண்ணி வர்றதைப் பாத்தேன். சத்தமே இல்லை. மணல்ல ஒரு நாக்கு மாதிரி முன்னால வருது, நுனியில அழுக்கு நுரை, சருகு, ஒரு ரப்பர் செருப்பு, மிதக்குற எறும்புங்க. ஒரு பள்ளத்துல விழுந்து அது நெறையுற வரைக்கும் நின்னுட்டு அப்புறம் நகருது. காஞ்ச மண்ணு நனையுற வாசனை படி மேல வரைக்கும் வந்துச்சு. ஒரு அம்மா மஞ்சளும் பூவும் போட்டுக் கும்பிட்டாங்க, அப்பாவும் கை எடுத்துக் கும்பிட்டாரு.

அதுக்கப்புறம் நாங்க தண்ணியைத் தாண்டிட்டோம். சுவாமிமலைல ஆறு வெறும் மணல்தான், அங்க சிலை வார்க்க மெழுகு மேல பூசுற வண்டல் மண்ணு இந்த ஆத்து மண்ணுதான். கும்பகோணம், ஆடுதுறை, குத்தாலம் எல்லாம் வேகமாப் போயிட்டோம். மாயவரத்துல துலாக்கட்டம்ங்கற காவிரிப் படித்துறை காஞ்சு கெடந்துச்சு, ஐப்பசியில முழுக வர்ற கூட்டத்துல அங்க நிக்க எடம் இருக்காது.

மேலையூர் கதவணைதான் கடைசி, அதுக்கு அந்தப் பக்கம் பூம்புகார், கடல். கல்லணையில அவ்ளோ அகலமா இருந்த ஆறு இங்க வாய்க்கா மாதிரி சுருங்கிடுது. தண்ணி வர இன்னும் பல நாள் ஆகும்னு அங்க இருந்தவர் சொன்னாரு. அடுத்த வருஷம் மேட்டூரே ஜூலை 28தான் திறந்தாங்க, ஆத்துத் தண்ணியை நம்பினவங்க குறுவை நெல் சாகுபடியை விட்டுட்டு அடுத்த பட்டமான சம்பாவுக்குக் காத்துக்கிட்டு இருந்தாங்க.

அன்னைக்கு அப்பா கதவணை மேல சாஞ்சு காஞ்ச மணலையே பாத்துக்கிட்டு இருந்தாரு. "அடுத்த ஞாயித்துக்கிழமை வருவோம்டா, அதுக்குள்ள வந்துரும்"னாரு. போனோம், வந்திருந்துச்சு, முழங்கால் அளவு.